கடகடவா, கரகரவா? டிராக்டரின் பி.டி.ஓ. சத்தத்தைக் கேட்டே பிழை பிடிப்பது எப்படி



இந்த வார எபிசோட் வெளியானதும் வந்த முதல் மெசேஜ் இது: "டிராக்டரா? நாங்கள் ஸ்காபரோவில கொண்டோவில இருக்கிறம். டிராக்டருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் நீங்கள் நினைக்கிறதை விடக் கிட்டத்தான் இருக்கு. ரொறன்ரோவில் கச்சேரி பார்க்கப் போகிற மாசி ஹோல், 1894இல் திறந்தது. அதைக் கட்டிக் கொடுத்த ஹார்ட் மாசியின் குடும்பத்துக்குக் காசு வந்தது விவசாய இயந்திரங்களில் இருந்து. அவருடைய தகப்பன் டானியல் மாசி 1847இல் ஒன்ராறியோவின் நியூகாசிலில் தொடங்கிய பட்டறைதான் பிறகு மாசி-ஹரிஸ் ஆகி, 1953இல் ஹரி பெர்குசனின் கம்பனியோடு சேர்ந்து, மாசி பெர்குசன் ஆனது. ஊரில் வயல் செய்த அப்பப்பா, அம்மப்பா யாராவது இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கோ, முகம் மலரும். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பனி அதே மாசி பெர்குசன் டிராக்டரைத்தான் தமிழ்நாட்டு வயல்களுக்குச் செய்து கொடுத்தது. ஒரே சிவப்பு நிற இயந்திரம், ஒன்ராறியோவில் சோளத்துக்கும் வன்னியில் நெல்லுக்கும் தஞ்சாவூரில் ரோட்டவேட்டருக்கும் நின்று உழைத்திருக்கு.

இரண்டாவது சம்பந்தம், எங்கட ஆட்களில் இப்ப கொஞ்சப் பேர் நகரத்துக்கு வெளியே பத்து இருபது ஏக்கர் காணி வாங்கி, பழைய டிராக்டர் ஒன்றும் வாங்கி விடுகிறார்கள். பழைய டிராக்டர் வந்தால் சத்தமும் கூடவே வரும். எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட விஷயங்களை எல்லாம் இங்கே எழுதுகிறோம்: டிராக்டரின் பின்பக்கத்தில் இருந்து வருகிற சத்தத்தை வைத்து, ஒன்றையும் பிரிக்காமல், பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பி.டி.ஓ. எண்டால் என்ன?

டிராக்டரின் பின்பக்கத்தில், இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவில், பல்லுப் பல்லாக வெட்டின ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பி.டி.ஓ. இஞ்சினின் சுழல் விசையைப் பின்னால் பூட்டுகிற கருவிக்குக் கொடுக்கிற வாசல் அது. புல்வெட்டி, ரோட்டவேட்டர், சூடடிக்கிற மெசின், பனி தள்ளுகிற ப்ளோவர், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் இந்த ஒரே தண்டில்தான் ஓடும். சொல்லப் போனால் டிராக்டரின் யூ.எஸ்.பி. போர்ட் மாதிரி. யார் செய்த கருவியாக இருந்தாலும் பூட்டலாம், ஏனென்றால் அளவுக்கு ஒரு நியமம் இருக்கு.

அந்த நியமத்தில் நீங்கள் மனசில் வைக்க வேண்டிய எண் 540. தண்டு நிமிடத்துக்கு 540 தரம் சுற்றும். அந்தத் தண்டில் 6 பல்லு, விட்டம் 35 மில்லிமீற்றர். பெரிய டிராக்டர்களில் 1000 தரம் சுற்றுகிற தண்டும் உண்டு. 35 மில்லிமீற்றர் தண்டானால் 21 பல்லு, 45 மில்லிமீற்றர் தண்டானால் 20 பல்லு. பல்லை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும்.

வரலாற்றில் ஒரு சின்ன வரி. 1918இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 8-16 டிராக்டரில் பி.டி.ஓ. விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்து வகையில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும். டிராக்டர் நின்றாலும் பின்னால் கருவி ஓடிக்கொண்டே இருக்கிற 'லைவ்' பி.டி.ஓ.வைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது 1946இல் வந்த கொக்ஷட் 30. அது செய்யப்பட்டது ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டில். ஹைவே 403இல் போகும்போது கடந்து போகிற அதே ஊர்தான்.

இன்றைக்கு மூன்று வகை உண்டு. கிளட்சோடு நிற்கிற பழைய வகை. பெடலைப் பாதி மிதித்தால் ஓட்டம் நிற்கும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும் என்கிற இரண்டு கட்டக் கிளட்ச் வகை. தனியாக ஒரு சுவிட்சில், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற வகை. உங்கட டிராக்டர் இதில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கோ. சத்தத்தின் அர்த்தம் அதைப் பொறுத்து மாறும்.

முதலில் உயிர், பிறகு சத்தம்

இந்தப் பகுதியை ஸ்க்ரோல் பண்ணித் தாண்ட வேண்டாம்.

நிமிடத்துக்கு 540 என்றால் செக்கனுக்கு 9 சுற்று. 35 மில்லிமீற்றர் தண்டைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 110 மில்லிமீற்றர் போகும். ஒன்பதால் பெருக்கிப் பாருங்கோ. ஒரு செக்கனில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் துணி உள்ளே போய்விடும். 1000 தண்டில் அது 1.8 மீற்றர். ஹுடியின் கயிறு, கழுத்தில் போட்ட சால்வை, கட்டாத தலைமயிர், கிழிந்த கையுறை எதுவானாலும் சரி, "ஐயோ" எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கை அதோட போய்விடும். பின்னால் நிற்கிறது சின்ன மோட்டர் அல்ல, பல பத்துக் குதிரைவலு இஞ்சின். உங்கள் கையைப் பிடித்ததற்காக அது நிற்காது.

அதனால் சத்தம் தேடும்போது மாற்றமில்லாத விதிகள் இவை:

பி.டி.ஓ. சுற்றும்போது ஒருத்தரும் கிட்டப் போக வேண்டாம். குனிந்து காதை வைத்துக் கேட்க வேண்டாம். கை வைத்துப் பார்க்கிற வேலை எல்லாம் பி.டி.ஓ.வை விடுவித்து, இஞ்சினை நிப்பாட்டி, சாவியைக் கழட்டிப் பொக்கெட்டில் போட்டு, தண்டு முழுக்க நின்றதைக் கண்ணால் கண்ட பிறகுதான். தூக்கி வைத்த கருவிக்குக் கீழே கையோ காலோ வைக்கிறதாக இருந்தால், அதற்கு முதலில் கட்டை முட்டுக்கொடுங்கோ. சுற்றுகிற ஷாஃப்டைத் தாண்டிக் கடக்க வேண்டாம், டிராக்டரைச் சுற்றிப் போங்கோ. சீட்டில் ஆள் இல்லாவிட்டால் நிற்கிற சுவிட்சை வயர் போட்டு ஏமாற்ற வேண்டாம். ஒருவர் சீட்டில் இருந்து இயக்க, இன்னொருவர் தள்ளி நின்று கேட்கலாம். நிற்கிற இடம் பக்கவாட்டில், ஷாஃப்டுக்கு நேராக இல்லாமல். புல்வெட்டி பூட்டியிருந்தால் இன்னும் தூரம். பிளேட் கல்லை எறியும்.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கோ

மெக்கானிக்கிடம் போய் "ஒரு மாதிரிச் சத்தம் வருது" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இந்த இடத்தில் தமிழ் எங்களுக்கு ஒரு உதவி செய்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று படித்து, பரீட்சை முடிய மறந்தோமே, அது ஞாபகம் இருக்கா? கடகட, கரகர, படபட, சலசல. அந்தச் சொற்கள் வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு சத்தத்துக்கான லேபிள். மெஷின் லேர்னிங் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், அம்மா அப்பா ஏற்கெனவே லேபிள் போட்டு வைத்த டேட்டாசெட்.

கடகட: இரும்பும் இரும்பும் தளர்ந்து முட்டுகிறது. இடைவெளி இருக்கும் இடத்தைத் தேடுங்கோ. டக் டக்: எண்ணக்கூடிய அடி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ ஒன்று முட்டுகிறது. கரகர: மணல் போட்டு அரைக்கிற மாதிரி. பெரும்பாலும் பேரிங். கிறீச்: உராய்வு. வழுக்குகிற கிளட்ச், காய்ந்த பிளாஸ்டிக், இழுபடுகிற பிரேக். ஊய்ய்: வேகத்தோடு ஏறுகிற ஊளை. கியர் அல்லது ஹைட்ரொலிக் பம்ப். டமார்: பி.டி.ஓ.வைப் போடும்போது ஒரே ஒரு அடி. தேய்ந்த பல்லு அல்லது சடாரென்று பிடிக்கிற கிளட்ச்.

பெயர் வைத்த பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தச் சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது?

ஐந்து சோதனை

கோட் எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. பக் எங்கே என்று தெரியாவிட்டால் பாதிப் பாதியாக வெட்டிப் பார்ப்போம். இங்கேயும் அதேதான்.

ஒன்று. பி.டி.ஓ. போடாமல், டிராக்டரை நிறுத்தி வைத்து, இஞ்சின் வேகத்தை மட்டும் மெல்லமாகக் கூட்டுங்கோ. சத்தம் வருகிறதா? வந்தால் அது பி.டி.ஓ. இல்லை. இஞ்சின், ஹைட்ரொலிக் பம்ப், அல்லது எப்பவும் சுற்றுகிற கியர்.

இரண்டு. இஞ்சினை நிப்பாட்டி, கருவியின் ஷாஃப்டை முழுக்கக் கழட்டித் தள்ளி வையுங்கோ. பிறகு பி.டி.ஓ.வை மட்டும் போடுங்கோ. இப்ப சத்தம் வந்தால் பிழை டிராக்டருக்குள்ளே. அமைதியாக ஓடினால், பிழை பெரும்பாலும் வெளியே, ஷாஃப்டிலோ கருவியிலோ. ஐந்திலும் பெறுமதியானது இந்தச் சோதனைதான். செலவு பத்து நிமிடம்.

மூன்று. ஷாஃப்டைப் பூட்டி, கருவியை வேலை செய்கிற உயரத்தில் வைத்து, புல்லோ மண்ணோ படாமல் சும்மா ஓடவிடுங்கோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கோ. உயரத்தோடு சத்தம் மாறினால், அது ஷாஃப்டின் கோணம் அல்லது நீளம்.

நான்கு. வேலைச் சுமையோடு ஓட்டுங்கோ. சுமையில் மட்டும் வருகிற சத்தம் என்றால் கிளட்ச், கியர்ப் பல்லு, சுமை தாங்குகிற பேரிங் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. சுமை வந்ததும் மறைந்துபோகிற சத்தம் என்றால், பொதுவாகத் தளர்ச்சி. இறுகினதும் அமைதியாகிவிடும்.

ஐந்து. பி.டி.ஓ. இல்லாமல் டிராக்டரைப் பாதையில் ஓட்டிப் பாருங்கோ. சத்தம் சக்கரத்தின் வேகத்தோடு மாறினால் அது பின் அச்சு, டிஃபரென்ஷியல் பக்கம். பி.டி.ஓ.வைத் திட்ட வேண்டாம்.

ஒவ்வொரு சோதனையையும் ஃபோனில் ஒரு நிமிடம் பதிவு செய்து, கோப்புக்கு அதே பெயரை வையுங்கோ. மனித ஞாபகம் சத்தத்தை ஒழுங்காக வைத்திருக்காது. "நேற்று இவ்வளவு இல்லையே" என்று பிறகு சண்டை பிடிக்க வேண்டி வரும்.

வழக்கமான குற்றவாளிகள்

*யூ-ஜொயின்ட்.* ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற சிலுவை வடிவ மூட்டு. இதில் ஒரு அழகான கணக்கு இருக்கு. மூட்டு வளைந்து நிற்கும்போது, உள்ளே போகிற வேகம் ஒரே சீராக இருந்தாலும் வெளியே வருகிற வேகம் ஒரு சுற்றில் இரண்டு தரம் கூடிக் குறையும். 30 பாகை வளைவில் 540 என்பது 468க்கும் 624க்கும் இடையில் துள்ளும். அப்படியென்றால் கருவி ஏன் உதறி உடையவில்லை? மறுமுனையில் அதே மாதிரி இன்னொரு மூட்டு அதே கோணத்தில் எதிர்மாறாகத் துள்ளி அதைச் சரிசெய்துவிடுகிறது. கருவியை அதிகம் தூக்கினால் இரண்டு கோணமும் சமன் இல்லாமல் போய், 'கர்ர்' என்ற அதிர்வு வரும். அது மூட்டின் பிழை இல்லை, பி.டி.ஓ.வை நிப்பாட்டாமல் தூக்கின எங்கட பிழை. ஆனால் வேலை உயரத்திலேயே 'டக் டக்' கேட்டால், இஞ்சினை நிப்பாட்டி, சாவியை எடுத்து, மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் தெரிந்தாலோ, தொப்பிகளைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரித் துரு இருந்தாலோ, உள்ளே ஊசிப் பேரிங் காய்ந்து தேய்ந்துவிட்டது.

*ஷாஃப்டின் நீளம்.* ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய் அது. மிக நீளமாக இருந்தால் திரும்பும்போதோ தூக்கும்போதோ அடிமுட்டி, டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையே முன்னுக்குத் தள்ளும். மிகக் குட்டையாக இருந்தால் கொஞ்சந்தான் கவ்விக்கொண்டு கடகடவென்று ஆடும், கழன்றும் போகலாம். குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும் என்பது பழைய ஆட்கள் சொல்கிற கணக்கு.

*பாதுகாப்புக் கவர்.* ஷாஃப்டை மூடுகிற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்டு சுற்றினாலும் தான் சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சின்னச் சங்கிலி. அதன் பிளாஸ்டிக் பேரிங் காய்ந்தால் காதைக் கிழிக்கிற 'கிறீச்' வரும். கேட்டால் கியர்பொக்ஸ் போய்விட்டது போல இருக்கும். மருந்து இரண்டு பம்ப் கிறீஸ்தான்.

*வழுக்குக் கிளட்ச்.* கருவியில் கல்லோ வேரோ சிக்கினால் உடையாமல் வழுக்கிக் கொடுக்கிற பாகம். பல்லு வகையானால் துப்பாக்கி மாதிரி 'டடடட' என்று அடிக்கும். அது பிழை இல்லை, எச்சரிக்கை. தட்டு வகையானால் கிறீச்சிட்டு, எரிகிற மணமும் வரும். சும்மா ஓடும்போதும் வழுக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

*டிராக்டருக்குள்ளே இருக்கிற கிளட்சும் பிரேக்கும்.* எண்ணெயில் ஓடுகிற தனி பி.டி.ஓ. வகையில், போடும்போதோ விடும்போதோ நடுங்கிக் கத்தினால், முதலில் எண்ணெயைப் பாருங்கோ. டிராக்டருக்கென்று குறிப்பிட்ட எண்ணெயில், நனைந்து வேலை செய்கிற தட்டுகளுக்கான சேர்மானம் இருக்கும். மலிவு என்று வேறொன்றை ஊற்றினால் தட்டுகள் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுக் கத்தும்.

*ஹைட்ரொலிக் பம்ப்.* பி.டி.ஓ. என்று அதிகம் பழி வாங்குகிற அப்பாவி. எண்ணெய் குறைந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, உறிஞ்சுகிற பக்கம் காற்று புகுந்தாலோ ஊளையிடும். குளிர் நாள் காலையில் எண்ணெய் தடிப்பாக இருப்பதால் இன்னும் மோசம். சோதனை ஒன்றிலேயே பிடிபடும்.

*வெறும் ஓட்டச் சலசலப்பு.* இஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் உள்ளே கியர்கள் சலசலத்து, வேகம் கூட்டியதும் மறைந்தால் பெரும்பாலும் பயம் வேண்டாம். டீசல் இஞ்சின் மெதுவாக ஓடும்போது அடி அடியாகத் தள்ளும். சுமை இல்லாத கியர்ப் பற்கள் அந்த அடிக்கு ஒன்றை ஒன்று தட்டும். நாளுக்கு நாள் கூடினால் மட்டும் கவனியுங்கோ.

ஃபோனில் ஒரு ஆய்வுகூடம்

இப்ப எங்கட பக்கம். 540 என்றால் செக்கனுக்கு 9 சுற்று, அதாவது 9 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொனியாகக் கேட்காது. ஃபோன் மைக்கும் அவ்வளவு தாழ்ந்ததைச் சரியாகப் பிடிக்காது. அதனால் தொனியைத் தேடாமல் அடியை எண்ணுங்கோ. பதிவைத் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், ஒரு செக்கனுக்குள் எத்தனை முள்ளு என்று தெரியும்.

9 முள்ளு என்றால் சுற்றுக்கு ஒன்று. ஒரு உடைந்த கியர்ப் பல்லு, வளைந்த தண்டு, சமநிலை கெட்ட பாகம். 18 முள்ளு என்றால் சுற்றுக்கு இரண்டு. யூ-ஜொயின்டின் கையெழுத்து. முழு எண்ணாக வராமல் 32, 49 என்று இடக்குமுடக்காக வந்தால் பேரிங்கை நினையுங்கோ. 9 குண்டு உள்ள பேரிங்கில் வெளி வளையம் பழுதானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 × 0.4 அடி, உள் வளையம் பழுதானால் 9 × 0.6 அடி. செக்கனுக்கு 9 சுற்றோடு பெருக்கினால் 32.4, 48.6. கியர் ஊளை என்றால் பல்லின் எண்ணிக்கையால் பெருக்குங்கோ. 40 பல்லுக் கியர் 360 ஹெர்ட்ஸில் பாடும். மூன்று சிலிண்டர் இஞ்சின் 1800இல் ஓடினால், அதன் சொந்த அடி செக்கனுக்கு 45. அதைத் தனியாகக் குறித்து வைத்துக் கழித்துவிடுங்கோ.

மைக்கை விடச் சில வேளை நல்ல கருவி ஃபோனுக்குள் இருக்கிற முடுக்கமானி. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.டி.எச். ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற ஆப் அதன் தரவை அப்படியே வரைந்து காட்டும், 9ம் 18ம் தெளிவாகத் தெரியும். இஞ்சின் நிற்கும்போதே ஃபோனை மட்காட்டில் டேப் போட்டு ஒட்டி, பதிவைத் தொடங்கிவிட்டு, சீட்டில் ஏறி இயக்குங்கோ. பிறகு எல்லாம் நின்ற பிறகு எடுங்கோ. ஷாஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டாம். ஃபோன் விழுந்தால் எடுக்கக் குனிவோம், அதுதான் ஆபத்து.

ஒரு கேட்போரின் டிராக்டர்

எங்கட கேட்போரில் ஒருவர், கம்பியூட்டர் படிக்கிற பிள்ளை, போன கோடையில் மூன்று ஒலிக்கோப்பு அனுப்பினார். அப்பா ரொறன்ரோவுக்கு வடக்கே கொஞ்சக் காணி வாங்கி, பழைய மூன்று சிலிண்டர் டிராக்டரும் புல்வெட்டியும் வாங்கியிருக்கிறார். பி.டி.ஓ. போட்டால் பின்னால் பயங்கர அடி, கூடவே ஒரு ஊளை. பார்த்த திருத்தகம் ஒன்று, டிராக்டரை நடுவால் பிரித்து கியர்பொக்ஸைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தச் செலவுக்கு டிராக்டரையே விற்கலாம். அப்பாவின் முடிவும் அதுதான். "பழசு பிள்ளை, சத்தம் போடத்தான் செய்யும். ஓடுமட்டும் ஓட்டிப்போட்டு வித்துவிடுவம்."

மகள் சோதனைகளை வரிசையாகச் செய்யச் சொன்னார். ஒன்று: பி.டி.ஓ. போடாமலே ஊளை இருந்தது. ஆகவே ஊளை தனிப் பிரச்சினை. ஹைட்ரொலிக் ஃபில்டரை மாற்றியதும் அடங்கியது. இரண்டு: ஷாஃப்டைக் கழட்டி பி.டி.ஓ. போட்டால், பின்பக்கம் சுத்த அமைதி. கியர்பொக்ஸ் குற்றமற்றது. மூன்று: வெட்டியைப் பூட்டி ஓடவிட்டால் கடகட, தூக்கினால் அது இன்னும் மோசம். அலைவடிவத்தில் எண்ணினால் செக்கனுக்கு 18.

ஷாஃப்டைக் கழட்டிப் புல்லில் வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சம். வெட்டிப் பக்கத்து மூட்டில் செங்கல் தூள். அதைவிட, சதுரக் குழாயை யாரோ முன்னொரு காலத்தில் கழட்டிப் பூட்டும்போது 90 பாகை மாறிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். மாறி நின்றால் இரண்டு மூட்டின் துள்ளலும் ஒன்றையொன்று சரிசெய்யாமல், ஒன்றோடொன்று கூடிவிடும். புதிய சிலுவை ஒன்று, கால்வட்டம் திருப்பிப் பூட்டல், கிறீஸ். அவ்வளவுதான்.

ஆனால் அவர் எழுதின மெயிலில் எங்களை நிப்பாட்டின வரி வேறு. ஷாஃப்டில் பாதுகாப்புக் கவரே இல்லை. உடைந்த துண்டு மட்டும் ஒரு முனையில் தொங்கியது. அப்பா ஒவ்வொரு நாளும், சுற்றுகிற ஷாஃப்டைத் தாண்டி மறுபக்கம் போய் வந்திருக்கிறார். "சுத்திப் போக நேரம் எடுக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். மகள் சண்டை பிடிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் 110ஐ ஒன்பதால் பெருக்கிக் காட்டினாராம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்று, தன் ஜக்கெட்டின் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு கடைக்குப் போய் முதலில் வாங்கியது கவர். சிலுவை வாங்கினது அடுத்த நாள்.

சத்தம் இல்லாதிருந்தால் அந்த ஷாஃப்டை ஒருத்தரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். திருத்தகம் சொன்னபடி கியர்பொக்ஸைப் பிரித்திருந்தாலும் கவர் இல்லாதது அப்படியேதான் இருந்திருக்கும்.

காதால் பிடிக்க முடியாத பூட்டு

பழைய டிராக்டரில் இவ்வளவும் செய்யலாம். புதிய டிராக்டரில் பி.டி.ஓ. கிளட்சைப் பிடிக்கச் சொல்வது ஒரு கம்பியூட்டர். சத்தம் எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்தாலும், பிழைக் குறியீட்டைப் படிக்கவோ, மாற்றின பாகத்தை ஏற்றுக்கொள்ளச் செய்யவோ கம்பனியின் மென்பொருள் தேவைப்படலாம். "திருத்துகிற உரிமை" என்ற போராட்டத்தில் விவசாயிகள் முன்வரிசையில் நிற்பது இதனால்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே 2023இல் சட்டம் போட்டது, 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில். கனடாவில் 2024 நவம்பரில் சி-244 மசோதா சட்டமாகி, ஒரு பொருளைச் சோதிக்கவும் பராமரிக்கவும் திருத்தவும் அதன் டிஜிட்டல் பூட்டைத் தாண்டலாம் என்று பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தாண்டலாம் என்று சொல்வது ஒன்று, தாண்டத் தேவையான கருவியும் கையேடும் கையில் கிடைப்பது வேறொன்று. அதைப் பற்றித் தனி எபிசோட் ஒன்று வருகிறது.

எப்போது விட்டுக்கொடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். சோதனை இரண்டில் சத்தம் உள்ளேதான் என்று தெரிந்தால்; எண்ணெயை வடிக்கும்போது காந்த மூடியில் மெல்லிய சாம்பல் பசைக்குப் பதிலாகச் சில்லுச் சில்லாக இரும்பு இருந்தால்; எண்ணெய் பால் நிறமாக இருந்தால்; நேற்று இல்லாத அடி இன்றைக்குத் திடீரென்று வந்தால். அன்றைக்கு ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ. அப்போதும் உங்கட ஐந்து ஒலிக்கோப்பையும் கொண்டுபோங்கோ. "கியர்பொக்ஸைப் பிரிக்க வேணும்" என்று ஒருவர் சொன்னால், "ஷாஃப்டைக் கழட்டிவிட்டு ஓடவிட்டுப் பாத்தனீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு இப்ப தெரியும்.

இந்த வார வேலை: வீட்டில் யாராவது ஊரில் டிராக்டரோ, லாண்ட்மாஸ்டரோ, தண்ணீர் இறைக்கிற மெசினோ ஓட்டியிருந்தால், அவரிடம் கேளுங்கோ, "அது பழுதாகப் போகுது எண்டு சத்தத்தில எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கள்?" அவர் வாயால் செய்து காட்டுகிற சத்தத்தை அப்படியே பதிவு செய்து எங்களுக்கு அனுப்புங்கோ, எந்தச் சத்தத்துக்கு எந்தச் சொல் என்றும் சேர்த்து. வந்ததை எல்லாம் அடுத்த எபிசோட்டில் ஒன்றாகக் கோர்த்துப் போடுகிறோம்.

அதுவரைக்கும், ஷாஃப்டைத் தாண்டாதேங்கோ. சுத்திப் போங்கோ.